அப்டேட் முடிந்தது, மவுஸ் நின்றது: கணினி கேள்வி பதில்

கேள்வி: டெஸ்க்டாப் கணினி, விண்டோஸ் 11. ராத்திரி அப்டேட் ஓடியது, காலையில் பார்த்தால் கர்சர் திரையின் நடுவில் ஆணி அடித்த மாதிரி நிற்கிறது. மவுஸின் அடியில் சிவப்பு விளக்கு மட்டும் எரிகிறது. மூன்று தடவை ஷட் டவுன் செய்து திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டேன். புது மவுஸ் வாங்கிவிடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். விளக்கு எரிகிறது என்றால் போர்ட்டிலிருந்து மின்சாரம் வருகிறது, அவ்வளவுதான். மவுஸ் சொல்வதை விண்டோஸ் காதில் வாங்குகிறதா இல்லையா என்பது தனிக் கதை. முதலில் அந்த மவுஸை வேறொரு கணினியில் செருகிப் பாருங்கள், அங்கே ஓடினால் மவுஸ் மேல் பழியில்லை. வேறு கணினி இல்லையா, கணினியைப் போட்டவுடனே எஃப்2 அல்லது டெலிட் கீயைத் தட்டி, விண்டோஸ் ஏறுவதற்கு முன் வரும் மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸ் திரைக்குப் போங்கள் (எந்தக் கீ என்பது மதர்போர்டைப் பொறுத்தது). இப்போதைய பயாஸ் திரைகள் பலவற்றில் மவுஸ் வேலை செய்யும். அங்கே அம்புக்குறி நகர்ந்து, விண்டோஸுக்குள் வந்ததும் நின்றுவிட்டால் சிக்கல் விண்டோஸில்தான் என்பது உறுதி. காசு செலவழிக்கும் முன் இந்த இரண்டு நிமிடச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

மூன்று தடவை ஷட் டவுன் செய்தேன் என்கிறீர்களே, அங்கேதான் ஒரு சூட்சுமம். விண்டோஸ் 8 காலத்திலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று உண்டு. அது இயக்கத்தில் இருந்தால், ஷட் டவுன் கொடுக்கும்போது விண்டோஸின் உட்கருவும் டிரைவர்களும் (மவுஸ் போன்ற சாதனங்களோடு விண்டோஸைப் பேச வைக்கும் மென்பொருள்கள்) இருந்த நிலையிலேயே டிஸ்க்கில் எழுதி வைக்கப்படும், அடுத்த முறை பவர் போட்டதும் அதே நிலை அப்படியே திரும்ப எடுத்துக்கொள்ளப்படும். அதாவது குழம்பிப்போன டிரைவரைக் குழம்பிய நிலையிலேயே தூங்க வைத்து எழுப்பியிருக்கிறீர்கள், அதுவும் மூன்று தடவை. ரீஸ்டார்ட் அப்படியில்லை, எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்றும். விண்டோஸ் கீயோடு எக்ஸ் அழுத்தி விடுங்கள், பிறகு யூ, பிறகு ஆர். ஆங்கில விண்டோஸில் இந்த மூன்று தட்டலில் ரீஸ்டார்ட் ஆகிவிடும், மவுஸே வேண்டாம். கணிசமான பேருக்குக் கதை இங்கேயே முடிந்துவிடும்.

முடியவில்லையா, மவுஸைப் பிடுங்கி வேறு யூஎஸ்பி போர்ட்டில் செருகுங்கள். முன்பக்கப் போர்ட்டும் வேண்டாம், ஒரு போர்ட்டைப் பலவாக்கும் ஹப்பும் வேண்டாம், கேபினட்டின் பின்பக்கம் மதர்போர்டிலேயே இருக்கும் போர்ட்டாகப் பாருங்கள். இது சும்மா கண்கட்டு வைத்தியம் இல்லை. பெரும்பாலான மவுஸ்களுக்குள் சீரியல் எண் கிடையாது, அதனால் போர்ட் மாறினால் விண்டோஸுக்கு அது ஒரு புது மவுஸ். பழைய போர்ட்டுக்கென்று எழுதி வைத்திருந்த குறிப்பை விட்டுவிட்டுப் புதிதாக டிரைவரை இணைக்கும்.

அதற்கும் மசியவில்லை என்றால், கணினியில் உள்ள சாதனங்களையெல்லாம் பட்டியல் போட்டுக் காட்டும் டிவைஸ் மேனேஜர். கீபோர்டை வைத்துக்கொண்டே போகலாம், பயப்படாதீர்கள். விண்டோஸ் கீ, எக்ஸ், பிறகு எம். ஜன்னல் திறந்ததும் டேப் ஒரு தடவை தட்டினால் பட்டியலுக்குள் போய்விடுவீர்கள். கீழ் அம்புக்குறியைத் தட்டிக்கொண்டே போய் ‘மைஸ் அண்ட் அதர் பாயின்டிங் டிவைசஸ்’ என்ற வரியில் நின்று, வலது அம்புக்குறியைத் தட்டினால் அது விரியும். உள்ளே ‘ஹெச்ஐடி கம்ப்ளையன்ட் மவுஸ்’ என்று ஒன்றோ இரண்டோ இருக்கும். மஞ்சள் முக்கோணம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அந்த வரியில் என்டர் தட்டுங்கள், எரர் எண் வரும். 28 என்றால் டிரைவரே இல்லை, 10 என்றால் சாதனம் தொடங்கவில்லை, 43 என்றால் சாதனம் ஏதோ கோளாறு சொன்னதால் விண்டோஸே அதை நிறுத்திவிட்டது. எண் எதுவானாலும் அடுத்து செய்ய வேண்டியது ஒன்றுதான்: எஸ்கேப் தட்டி வெளியே வந்து, அந்த வரியிலேயே ஷிஃப்டும் எஃப்10-ம் சேர்த்து அழுத்துங்கள், ரைட் கிளிக் மெனு வரும், அதில் ‘அன்இன்ஸ்டால் டிவைஸ்’. பிறகு ரீஸ்டார்ட். விண்டோஸ் எழுந்ததும் மவுஸைத் தானே கண்டுபிடித்து டிரைவரைப் போட்டுக்கொள்ளும். ஒன்று மட்டும் கவனம், சற்று மேலேயே கீபோர்டு இருக்கும், அவசரத்தில் அதை அன்இன்ஸ்டால் செய்துவிட்டால் அப்புறம் பாடு பெரும்பாடு.

இணையத்தில் ‘மவுஸ் டிரைவர் டவுன்லோடு’ என்று தேடிக்கொண்டு போகவே போகாதீர்கள். சாதாரண யூஎஸ்பி மவுஸுக்குத் தேவையான டிரைவர் விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது, எல்லா மவுஸுக்கும் பொதுவான ஒன்று அது. கேமிங் மவுஸோடு வரும் மென்பொருள்கூட பட்டன்களையும் விளக்கு வண்ணத்தையும் மாற்றத்தான், அது இல்லாமலே கர்சர் நகர வேண்டும். டிரைவர் தருகிறேன் என்று கூவி அழைக்கும் தளங்களில் பாதி வம்பை விலைக்கு வாங்கித் தருபவை.

இத்தனைக்கும் நடுவில் எங்காவது கிளிக் செய்தே ஆக வேண்டிய நிலை வந்தால், நம்பர் பேட் உள்ள கீபோர்டில் இடது ஆல்ட், இடது ஷிஃப்ட், நம்பர் பேடில் இருக்கும் ‘நம் லாக்’ கீ மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். ஒரு கேள்வி வரும், என்டர் தட்டுங்கள். இனி 4, 6 இடவலம், 8, 2 மேல்கீழ், 5 கிளிக், கூட்டல் குறி டபுள் கிளிக். நகரவில்லை என்றால் நம் லாக்கை ஒரு தடவை தட்டுங்கள். ஆமை வேகம்தான், ஆனால் காரியம் நடக்கும்.

கேள்வி: மவுஸ் ஓடுகிறது, ஆனால் அப்டேட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் தொடாமல் விட்டால் செத்துவிடுகிறது. பிடுங்கிச் செருகினால் உயிர் வருகிறது. ஏன்?

பதில்: மின்சிக்கனம். சும்மா இருக்கும் போர்ட்டின் சக்தியைக் குறைக்கும் அமைப்பு விண்டோஸில் உண்டு, அப்டேட் சில நேரம் அதைத் திரும்ப இயக்கிவிட்டுப் போய்விடும். டிவைஸ் மேனேஜரில் யூஎஸ்பி கன்ட்ரோலர்கள் பகுதியில் ‘ரூட் ஹப்’ என்று இருப்பவை ஒவ்வொன்றையும் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் இந்தச் சாதனத்தை அணைக்கக் கணினிக்கு அனுமதி என்கிற டிக்கை எடுத்துவிடுங்கள். சில புது லேப்டாப்களில் அந்தப் பக்கமே தெரியாது, அவர்கள் பவர் பிளானில் ‘யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பென்ட்’ இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அணைத்துவிடலாம்.

கேள்வி: வயர்லெஸ் மவுஸ். அப்டேட் போட்ட அதே வாரம் கர்சர் தத்தித் தத்திப் போக ஆரம்பித்துவிட்டது. பேட்டரி புதுசு. அப்டேட்டை நீக்கிவிட்டேன், அப்படியும் சரியாகவில்லை.

பதில்: அப்டேட்டை நீக்கியும் சரியாகவில்லை என்றால் அது காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகவும் இருக்கலாம். அந்த வாரம் பக்கத்துப் போர்ட்டில் எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கோ பென் டிரைவோ புதிதாகச் செருகினீர்களா? யூஎஸ்பி 3.0 சாதனங்கள் வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் ரேடியோ இரைச்சல் கசியும், உங்கள் மவுஸின் குட்டி ரிசீவர் பேசுவதும் அதே அலைவரிசையில்தான். இன்டெல் நிறுவனமே 2012-ல் இதை அளந்து எழுதி வைத்திருக்கிறது. ஒரு சின்ன யூஎஸ்பி நீட்டிப்பு வயரில் ரிசீவரைச் செருகி மவுஸுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வையுங்கள்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், சிரித்தாலும் பரவாயில்லை. ஒரு அப்டேட்டுக்குப் பிறகு என் வயர்லெஸ் மவுஸ் சுத்தமாக நின்றுபோனது, டிரைவரை நீக்கி, போர்ட்டை மாற்றி, அப்டேட்டைத் திட்டி இரண்டு மணி நேரம் போனது. கடைசியில் பார்த்தால் விளக்கு எரிகிறதா என்று மவுஸைத் தலைகீழாகப் புரட்டியபோது என் கட்டைவிரலே அடியில் இருக்கும் ஆன் ஆஃப் ஸ்விட்சைத் தள்ளிவிட்டிருக்கிறது. முதலில் நின்றது ஏன் என்று இன்றுவரை தெரியாது, ரீஸ்டார்ட்டிலேயே சரியாகியிருக்கும் போல.

கேள்வி: லேப்டாப்பில் டச்பேடும் போய்விட்டது, மவுஸும் போய்விட்டது.

பதில்: டச்பேடை அணைத்து எழுப்பும் கீ ஒன்று மேல் வரிசையில் இருக்கும், சதுரத்தில் கோடு போட்ட படம். எஃப்என் கீயோடு சேர்த்து அதை அழுத்திப் பாருங்கள். டச்பேடு உயிர் பெற்றால் மவுஸுக்கு மேலே சொன்ன வழிகள் எல்லாமே சுலபமாகிவிடும். ப்ளூடூத் மவுஸாக இருந்தால் செட்டிங்ஸில் அதை நீக்கிவிட்டு, மறுபடி புதிதாக இணையுங்கள், பழைய இணைப்பை வைத்துக்கொண்டு மல்லுக்கட்ட வேண்டாம்.

கேள்வி: விண்டோஸில் மவுஸும் கீபோர்டும் ஓடுகின்றன. ரிப்பேர் செய்யலாம் என்று நீல நிற ரிகவரி திரைக்குப் போனால் இரண்டுமே செத்துவிடுகின்றன. என் கணினியில் பேய் ஏதாவது?

பதில்: பேய் இல்லை, மைக்ரோசாஃப்ட். 2025 அக்டோபர் 14 அன்று வந்த விண்டோஸ் 11 அப்டேட்டில் நடந்த கூத்து இது: ரிகவரி திரையில் யூஎஸ்பி மவுஸும் கீபோர்டும் வேலை செய்யாமல் போயின. கணினி படுத்துவிட்டால் காப்பாற்ற இருக்கும் ஒரே அறையைப் பூட்டிச் சாவியை உள்ளே போட்ட மாதிரி. ஆறாவது நாள், அக்டோபர் 20 அன்று, கேபி5070773 என்ற அவசரத் திருத்தம் விட்டார்கள். விண்டோஸ் நன்றாகத் திறக்கும் போதே மீதமிருக்கும் அப்டேட்களை எல்லாம் போட்டுவிடுங்கள், பிறகு ரிகவரி திரைக்குப் போய்ப் பாருங்கள். யூஎஸ்பிக்கு முந்தைய வட்ட முனை இணைப்பான பிஎஸ்2-வில் மவுஸோ கீபோர்டோ வைத்திருந்தவர்களுக்கு அந்த வாரம் ஒரு தொல்லையும் இல்லை.

கேள்வி: என்ன செய்தும் சரியாகவில்லை. அப்டேட்டை எப்படி நீக்குவது?

பதில்: செட்டிங்ஸ், விண்டோஸ் அப்டேட், அப்டேட் ஹிஸ்டரி, அதன் அடியில் ‘அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்’. தேதியைப் பார்த்துக் கடைசியாக வந்ததை நீக்குங்கள். ஆண்டுக்கு ஒருமுறை வரும் பெரிய பதிப்பு மாற்றம் என்றால் ரிகவரி பகுதியில் ‘கோ பேக்’ இருக்கும், ஆனால் அதற்கு 10 நாள்தான் கெடு, அதற்குப் பிறகு பழைய கோப்புகளை விண்டோஸ் துடைத்துவிடும். நீக்கிய கையோடு அப்டேட்டை ஒரு வாரம் தற்காலிகமாக நிறுத்தி வையுங்கள், இல்லாவிட்டால் இன்று ராத்திரியே அது திரும்ப இறங்கி, நாளைக் காலை இதே கேள்வியோடு வருவீர்கள்.