மோட்டாரில் 3 வோல்ட், சப்ளையில் 36 வோல்ட்: வீட்டு சிஎன்சி கேள்வி பதில்

வீட்டில் சிஎன்சி ரவுட்டர் (கம்ப்யூட்டர் சொல்கிறபடி மரத்தைக் குடைகிற மெஷின்) கட்டுகிறவர்களில் பலர் கன்ட்ரோலர் போர்டை முதலில் வாங்கிவிட்டு, அப்புறம் அதற்குப் பொருந்துகிற மோட்டாரைத் தேடி அலைகிறார்கள். என் வரிசை நேர் எதிர்: முதலில் மோட்டார் (ஸ்டெப் ஸ்டெப்பாகச் சுற்றும் ஸ்டெப்பர் மோட்டார்), அதற்கு மின்னோட்டத்தை அளந்து கொடுக்கும் டிரைவர், அதற்கு பவர் சப்ளை, கடைசியில்தான் கன்ட்ரோலர். வந்த கேள்விகளையும் ஏறக்குறைய அப்படியே அடுக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் நெமா 23 அளவு மோட்டாரின் லேபிளில் 2.8 ஆம்பியர், 3.2 வோல்ட் என்று இருக்கிறது. டிரைவருக்கோ 20 முதல் 50 வோல்ட் வரை கொடுக்கலாமாம். 36 வோல்ட் கொடுத்தால் மோட்டார் கருகிவிடாதா சார்?

பதில்: கருகாது. எல்லோரும் ஒருமுறையாவது தடுக்கி விழுகிற இடம் இது. அந்த 3.2 வோல்ட், சுருளின் மின்தடையை 2.8 ஆம்பியரால் பெருக்கினால் வருகிற எண், அவ்வளவுதான். மோட்டார் சும்மா நிற்கும்போது அந்த மின்னோட்டத்தை ஓட்ட அது போதும். ஓடத் தொடங்கினால் கதை வேறு. ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் சுருளில் மின்னோட்டம் புதிதாக ஏற வேண்டும். சுருளின் மின்தூண்டல் அதைத் தடுக்கும். வேகம் கூடக் கூட ஏறுவதற்கான நேரம் குறையும், கூடவே முறுக்குவிசையும் குறையும். வோல்டேஜ் அதிகமாக இருந்தால் மின்னோட்டம் சட்டென்று ஏறிவிடும். நீங்கள் வைத்த அளவைத் தொட்டதும் டிரைவர் வெட்டிவிடும், இறங்கியதும் மறுபடி திறக்கும். வினாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை இப்படி நடக்கிறது. ஆகவே மோட்டாரைக் காப்பாற்றுவது டிரைவரில் உள்ள குட்டி சுவிட்சுகளில் நீங்கள் வைக்கும் ஆம்பியர்தான். அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு: டிஎம்542 டிரைவரில் 4.2 என்று போட்டிருப்பது உச்ச அளவு. ஆர்எம்எஸ் (சராசரி போன்ற பயனுறு அளவு) கணக்கில் அது 3 ஆம்பியர்தான்.

கேள்வி: சரி, எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் சப்ளை வாங்குவது? எனக்கு இதே மோட்டார் நான்கு.

பதில்: வோல்டேஜுக்குப் பழைய கைக்கணக்கு ஒன்று உண்டு: மின்தூண்டலை மில்லிஹென்றியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 32ஆல் பெருக்குங்கள். 2.5 மில்லிஹென்றி என்றால் சுமார் 50 வோல்ட். அது உச்ச வரம்பு. அதைத் தொட்டே ஆக வேண்டும் என்றில்லை. உங்கள் டிரைவரின் வரம்பும் 50தான். கனமான கேன்ட்ரி (வெட்டும் தலையைச் சுமந்து நகரும் பாலம்) சட்டென்று நிற்கும்போது மோட்டார் ஜெனரேட்டராக மாறி மின்சாரத்தைத் திருப்பித் தள்ளும், சப்ளை வோல்டேஜ் மேலே எழும்பும். 48 வோல்ட் போட்டால் அதற்கு இடமே இல்லை. 36 போடுங்கள்.

ஆம்பியருக்கு, எல்லா மோட்டார்களின் கூட்டுத்தொகையில் மூன்றில் இரண்டு பங்கு. நான்குக்கு 11.2, அதில் மூன்றில் இரண்டு 7.5. 36 வோல்ட், 350 வாட் எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்சிங் வகை பவர் சப்ளை) 9.7 ஆம்பியர் தரும், தாராளம்.

கேள்வி: எஸ்எம்பிஎஸ் வேண்டாம், டிரான்ஸ்பார்மர்தான் நல்லது என்கிறார்களே?

பதில்: டிரான்ஸ்பார்மர், பிரிட்ஜ் ரெக்டிபயர், பெரிய கெப்பாசிட்டர் என்ற கூட்டணி திடீர் இழுப்பையும் திருப்பித் தள்ளலையும் அலட்டிக்கொள்ளாமல் தாங்கும், உண்மைதான். 24 வோல்ட் ஏசி டிரான்ஸ்பார்மர் டிசியில் சுமார் 32 தரும். ஆனால் ப்யூஸ், கெப்பாசிட்டரை வடியவைக்கும் ரெசிஸ்டர் எல்லாம் நீங்களே போட வேண்டும். முதல் மெஷினுக்கு எஸ்எம்பிஎஸ் போதும்.

கேள்வி: ஏ4988 டிரைவர் நாலைந்து கையில் இருக்கிறது. நெமா 23க்குப் போடலாமா?

பதில்: வேண்டாம். அதன் உச்சம் 2 ஆம்பியர், அதுவும் நன்றாகக் குளிரவைத்தால். பேனா பிடித்துப் படம் வரையும் பிளாட்டருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கன்ட்ரோலராக ஆர்டுயினோ ஊனோ போதுமா, பேரலல் போர்ட் உள்ள பழைய கம்ப்யூட்டரா?

பதில்: மூன்று அச்சு மர வேலைக்கு ஊனோவில் ஜிஆர்பிஎல் என்ற சாஃப்ட்வேர் போதும். அதன் எல்லை வினாடிக்குச் சுமார் 30,000 பல்ஸ். உங்கள் மெஷினுக்குப் போட்டுப் பாருங்கள்: மோட்டார் சுற்றுக்கு 200 ஸ்டெப், 8 மைக்ரோஸ்டெப் (ஒரு ஸ்டெப்பை எட்டாகப் பிரிப்பது), சுற்றுக்கு 5 மில்லிமீட்டர் நகர்த்தும் லீட் ஸ்க்ரூ என்றால் மில்லிமீட்டருக்கு 320 பல்ஸ். நிமிடத்துக்கு 5,600 மில்லிமீட்டர் வரை போகலாம். "துல்லியம் கூடும்" என்று 32 மைக்ரோஸ்டெப் வைத்தால் அது 1,400க்கு விழும், துல்லியமும் பெரிதாகக் கூடாது.

பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ்சிஎன்சி சாஃப்ட்வேர் அருமையாக ஓடும், ஆனால் ரியல்டைம் கெர்னல் வேண்டும், முதலில் லேட்டன்சி டெஸ்ட் (கம்ப்யூட்டரின் தாமதத்தை அளக்கும் சோதனை) ஓட்டிப் பார்க்க வேண்டும். யுஎஸ்பியிலிருந்து பேரலல் போர்ட்டுக்கு மாற்றும் பிரிண்டர் கேபிளை மட்டும் வாங்கிவிடாதீர்கள். பிரிண்டருக்குச் சரி, ஸ்டெப் பல்ஸுக்கு உதவாது.

கேள்வி: அண்ணா, ஸ்பின்டிலை (பிட்டைச் சுற்றும் மோட்டாரை) போட்டதும், அச்சின் எல்லையைக் காட்டும் லிமிட் சுவிட்ச் அலாரம் அடித்து மெஷின் நின்றுவிடுகிறது. சுவிட்சை யாருமே தொடவில்லை. போர்டை மாற்றிப் பார்க்கட்டுமா?

பதில்: போர்டு பாவம், அதை விடுங்கள். ஸ்பின்டில் வயரிலிருந்து கிளம்பும் இரைச்சல் சுவிட்ச் வயரில் ஏறி, கன்ட்ரோலர் அதை நிஜ சிக்னல் என்று நம்புகிறது. முதலில் சுவிட்சுகளை நார்மலி குளோஸ்டு (சும்மா இருக்கும்போது மூடியிருந்து, அழுத்தினால் திறக்கும்) வகையில் இணைத்து, செட்டிங்கிலும் மாற்றுங்கள். வயர் அறுந்தாலும் மெஷின் நிற்கும் என்பது கூடுதல் லாபம். அடுத்து, ஷீல்டு வயர் போட்டு, ஷீல்டை கன்ட்ரோலர் பக்கம் மட்டும் எர்த் செய்யுங்கள். ஸ்பின்டில் விஎஃப்டியில் (வேகத்தை மாற்றும் மின்னணுப் பெட்டியில்) ஓடுகிறது என்றால் அந்த வயரும் ஷீல்டாக இருக்க வேண்டும். சிக்னல் வயரோடு ஒரே கேபிள் செயினில் ஒட்டிக்கொண்டு போகக் கூடாது. இன்னும் அடங்கவில்லையா? கன்ட்ரோலரின் சுவிட்ச் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று வையுங்கள். நான் இரண்டு வாரம் சாஃப்ட்வேரைக் குடைந்துவிட்டு, கடைசியில் வயரை ஒரு சாண் தள்ளிக் கட்டியதும் சரியான கதை உண்டு.

கேள்வி: எமர்ஜென்சி பட்டனை ஆர்டுயினோவின் ரீசெட் பின்னில் கொடுத்துவிட்டேன். போதும்தானே?

பதில்: போதவே போதாது. பிட்டைச் சுற்றும் ரவுட்டர் மோட்டார் தனி பிளக்கில் ஓடுகிறது. ஆர்டுயினோ தூங்கினாலும் பிட் சுற்றிக்கொண்டே இருக்கும். பட்டன் ஒரு கான்டாக்டரை (பெரிய ரிலே சுவிட்சை) விடுவிக்க வேண்டும், அது அந்த ரவுட்டர், ஸ்டெப்பர் மோட்டார் சப்ளை இரண்டின் மின்சாரத்தையும் வெட்ட வேண்டும். கன்ட்ரோலருக்கு மட்டும் மின்சாரம் இருந்தால் தவறில்லை. இன்னொன்று, எஸ்எம்பிஎஸ்ஸின் கெப்பாசிட்டர் வடியும்வரை மோட்டார் கொஞ்சம் நகரும், சில மெஷின்களில் இசட் அச்சு கனம் தாங்காமல் கீழே இறங்கும். மரம் வைக்காமல் வெறுமனே ஓட்டும்போதே அழுத்திப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: எல்லாம் இணைத்தாயிற்று. ஒரு மோட்டார் மட்டும் கிர்ரென்று அதிர்கிறது, சுற்றவில்லை.

பதில்: சுருள் ஜோடி மாறியிருக்கும். மோட்டாரைக் கழற்றி, இரண்டு இரண்டு வயராகச் சேர்த்துத் தண்டைக் கையால் சுற்றுங்கள். எந்த இரண்டைச் சேர்த்தால் இறுகுகிறதோ அவை ஒரு ஜோடி. கழற்றும் முன் பவரை அணைத்து, டிரைவர் விளக்கு அணையும்வரை பொறுங்கள். ஓடும் மோட்டாரின் கனெக்டரைப் பிடுங்கி நான் ஒரு டிரைவரைக் காலி செய்திருக்கிறேன்.