ஃபெடரல் சிறைத் தண்டனை குறையுமா? குடும்பத்தினரின் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்க ஃபெடரல் (மத்திய அரசு) சிறையில் இருப்பவர்களின் வீட்டார் கேட்டவை இவை. பெயர், ஊர் எதையும் போடவில்லை.

கேள்வி: தம்பிக்கு 6 வருடத் தண்டனை. ஒழுங்காக இருந்தால் பாதியிலேயே பரோலில் விட்டுவிடுவார்களா?

மாட்டார்கள். 1987 நவம்பர் 1 முதல் நடந்த குற்றங்களுக்கு ஃபெடரலில் பரோலே கிடையாது. தெரிந்தவர் ஒருவர் பாதியில் வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டிருந்தால், அது பெரும்பாலும் மாநிலச் சிறையாக இருக்கும்.

தம்பிக்கு உள்ளது நன்னடத்தைக் கழிவு. வருடத்துக்கு 54 நாள் வரை, ஆக 6 வருடத்துக்கு 324 நாள். அப்புறம், 2018-இல் வந்த ஃபர்ஸ்ட் ஸ்டெப் சட்டப்படி, சிறையில் நடக்கும் பயிற்சிகளில் 30 நாள் கலந்துகொண்டால் 10 நாள் வரவு. திரும்பவும் குற்றம் செய்யும் வாய்ப்பு குறைவு என்ற மதிப்பீடு தொடர்ந்து நீடித்தால் 15 நாள். அதில் 12 மாதம் வரை விடுதலையே முன்னால் வரும். மீதியை ஹாஃப்வே ஹவுஸிலோ (விடுதலைக்கு முன் தங்கவைக்கும் இல்லம்) வீட்டுக்காவலிலோ கழிக்கலாம். சில குற்றங்களுக்கு இந்த வரவு கிடையாது. குடியுரிமை இல்லாதவர் என்றால், நாடு கடத்தும் இறுதி உத்தரவு வந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வந்திருந்தால் விடுதலைக்கு இந்த வரவைப் பயன்படுத்த முடியாது.

கேள்வி: அம்மா பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாக இருக்கிறார். அப்பாவுக்கு இன்னும் 3 வருடம் பாக்கி. அவரை விடச் சொல்லிக் கேட்க வழி உண்டா? நான் ஒரே மகள்.

உண்டு அம்மா, கேளுங்கள். கருணை விடுதலைக்கான (நீதிமன்றம் தண்டனையைக் குறைத்து முன்கூட்டியே விடுவது) காரணங்களில் இதுவும் ஒன்று. மனைவி தன்னைத் தானே கவனித்துக்கொள்ள முடியாத நிலையில் இருக்க வேண்டும். அவரைப் பார்த்துக்கொள்ளக் கணவரை விட்டால் வேறு ஆள் இல்லை என்றும் காட்ட வேண்டும்.

இந்த இரண்டாவதில்தான் மனுக்கள் விழுகின்றன. "மகள் இருக்கிறாரே?" என்று அரசு வழக்கறிஞர் நிச்சயம் கேட்பார். கேட்க வலிக்கும். ஆனால் பதில் காகிதத்தில் இருக்க வேண்டும்: உங்கள் வேலை நேரம், நீங்கள் இருக்கும் ஊர், கைக்குழந்தை இருந்தால் அது, வீட்டு நர்ஸுக்கு ஆகும் செலவு. டாக்டர் கடிதத்தில் நோயின் பெயர் மட்டும் போதாது. தானாகச் சாப்பிட முடியுமா, கழிவறைக்குப் போக முடியுமா என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

முதலில் அப்பா, சிறையின் தலைமை அதிகாரியான வார்டனிடம் எழுத்தில் கேட்க வேண்டும். வார்டன் கைக்குப் போய் 30 நாள் ஆனதும், தண்டனை கொடுத்த அதே நீதிமன்றத்தில் அப்பாவே மனுப் போடலாம். உள்ளே 'காப்-அவுட்' என்று சொல்கிற அந்தக் கோரிக்கைத் தாளின் நகல், தேதியோடு, உங்கள் கையில் இருக்கட்டும். நியாயமான காரணம் இருந்தும் இந்த ஒரு தாள் இல்லாமல் தள்ளுபடியான மனுவைப் பார்த்திருக்கிறேன். இத்தனைக்கும் பிறகு, குற்றத்தின் தன்மை, கழித்த காலம் எல்லாவற்றையும் பார்த்து நீதிபதிதான் முடிவு செய்வார்.

கேள்வி: கணவர் உள்ளே படித்து நிறையச் சான்றிதழ் வாங்கியிருக்கிறார். அதை வைத்துக் குறைப்பார்களா?

அதை மட்டும் வைத்துக் குறைக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. வேறு காரணம் ஒன்று இருந்தால் அதோடு சேர்த்துக் காட்டுங்கள், பலம் கூடும்.

கேள்வி: 2022-இல் தண்டனை. அதற்கு முன் ஒரு வழக்கும் இல்லை. புது விதி வந்ததாமே?

ஆமாம், ஃபெடரல் தண்டனை வழிகாட்டு விதிகளின் 821-ஆம் திருத்தம். 2023 நவம்பர் 1-இல் வந்தது, பழைய தண்டனைகளுக்கும் செல்லும். முன்குற்றப் புள்ளி (பழைய தண்டனைகளுக்குப் போடும் புள்ளி) பூஜ்யம் என்றால், தண்டனைக் காலத்தைக் கணக்கிடும் குற்ற நிலையில் 2 நிலை குறையும். 25-ஆம் நிலையில் 57 முதல் 71 மாதம் என்றால், 23-ஆம் நிலையில் 46 முதல் 57 மாதம். வன்முறை, துப்பாக்கி, பாலியல் குற்றம், பாதிக்கப்பட்டவரைப் பெரும் பண நெருக்கடியில் தள்ளிய மோசடி ஆகியவற்றுக்குக் கிடையாது. குறைந்தபட்சத் தண்டனை என்று சட்டமே விதித்திருந்தால் அதற்குக் கீழே இதை வைத்துப் போக முடியாது.

கேள்வி: எங்கள் வக்கீல் சரியாக வாதாடவில்லை. என்ன செய்யலாம்?

மேல்முறையீட்டுக்குத் தீர்ப்பு பதிவான நாளிலிருந்து 14 நாள்தான். வக்கீலின் குறையைச் சொல்லி, சட்டப் பிரிவு 2255-இன் கீழ் தண்டனையை எதிர்த்துப் போடும் மனுவுக்கு, பொதுவாகத் தீர்ப்பு இறுதியான நாளிலிருந்து 1 வருடம். இன்றைக்கே தேதியை எண்ணிப் பாருங்கள்.