ஒரு வாளித் தண்ணீரில் கார் கழுவினால் கீறல் விழாதா?

கேள்வி: திருநெல்வேலியில் எங்கள் அடுக்ககத்தில் குழாய் பிடித்துக் கார் கழுவ அனுமதி இல்லை. அலசத் தேவையில்லாத ரின்ஸ்லெஸ் வாஷ் திரவத்தை ஒரு வாளித் தண்ணீரில் கலந்து கழுவலாம் என்கிறார்கள். பெயிண்டில் கீறல் விழாதா?

பாளையங்கோட்டையில் நான்கு ஆண்டுகளாக எங்கள் கருநீலக் காரை இந்த முறையில்தான் கழுவி வருகிறேன். கருநீலம் சிறு கீறலையும் மறைக்காத நிறம் என்பதால் அனுபவத்தோடு சொல்கிறேன்: காரின் மேல் இருப்பது தூசியாக இருந்தால் தாராளமாகக் கழுவலாம், மணலாக இருந்தால் கூடாது. இந்த வேறுபாட்டை அறியாமல் ஒரு முறை நானே காரைக் கெடுத்துக்கொண்டேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

நம் ஊருக்கு இந்த முறை பொருந்துவதற்கு முதற்காரணம் தண்ணீர்தான். எங்கள் ஆழ்துளைக் கிணற்றில் வருவது கடினமான உப்புத் தண்ணீர். அதில் கரைந்துள்ள கால்சியமும் மக்னீசியமும், வெயிலில் நீர் ஆவியானவுடன், பானட்டிலும் கண்ணாடியிலும் வெள்ளைப் புள்ளிகளாகப் படிந்துவிடும். சில வாரங்கள் அப்படியே விட்டால் சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் அவை போவதில்லை. தாமிரபரணித் தண்ணீரில் இந்தத் தொல்லை குறைவு, ஆனால் குடிப்பதற்கென்று வரும் ஆற்றுத் தண்ணீரைக் குழாய் பிடித்துக் காரின் மேல் கொட்ட எனக்கு மனம் வரவில்லை. எங்கள் வீட்டுக் குழாயில் 15 லிட்டர் வாளி ஒன்றரை நிமிடத்தில் நிறைகிறது. அப்படியானால் கால் மணி நேரம் குழாயைத் திறந்து வைத்தால் 150 லிட்டர் போய்விடும். இந்த முறைக்கு 8 லிட்டர் போதும், அந்த அளவுக்கு ஆற்றுத் தண்ணீரை எடுப்பதில் உறுத்தல் இல்லை.

நான் பயன்படுத்துவது ஆப்டிமம் நோ ரின்ஸ் என்னும் திரவம். ஒரு பங்கு திரவத்துக்கு 256 பங்கு தண்ணீர் என்பது கணக்கு, அதாவது 8 லிட்டருக்கு ஏறத்தாழ 31 மில்லி. நுரை வரவில்லையே என்று கூடுதலாக ஊற்ற வேண்டாம், இதில் நுரை வராது. சாதாரணக் கார் ஷாம்புவை அலசாமல் விட்டால் அது காய்ந்து திட்டுத்திட்டாகப் படியும். இந்தத் திரவத்தில் உள்ள பாலிமர்களோ தூசித் துகளைச் சூழ்ந்துகொண்டு, பெயிண்டுக்கும் துகளுக்கும் இடையே வழுக்கலை உண்டாக்குகின்றன, துடைத்த பின் எஞ்சுவதும் மிகச் சிறிது என்பதால் அலச வேண்டியதில்லை. வழுக்கல் கீறலைக் குறைக்குமே தவிர முற்றிலும் தடுத்துவிடாது. மிச்சத்தைத் துணி பிடிக்கும் கைதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அந்தத் துணியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஸ்பாஞ்சு வேண்டாம். அதன் தட்டையான முகத்தில் ஒரு துகள் சிக்கினால், அடுத்த கதவு வரைக்கும் அது உரசிக்கொண்டே போகும். நான் எட்டு மைக்ரோஃபைபர் துணிகளை வாளியில் ஊறவைத்து, ஒவ்வொன்றாக எடுத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, நான்காக மடித்துக்கொள்வேன். அப்படி மடித்த துணியை மாற்றி மாற்றித் திருப்பினால் எட்டு முகங்கள் கிடைக்கும். கழுவப் போகும் பகுதியில் அதே கலவையைத் தெளிப்பானால் முதலில் அடித்து, ஒன்றிரண்டு நிமிடம் ஊற விடுவேன். பிறகு துணியை அழுத்தாமல், அதன் எடை மட்டும் படும்படி ஒரே திசையில் இழுத்து, ஓர் இழுப்புக்கு ஒரு முகம் என்று மாற்றிக்கொண்டே போவேன். அழுக்கான துணியைத் திரும்ப வாளியில் முக்குவதில்லை, தனியே போட்டுவிட்டு அடுத்ததை எடுப்பேன். இப்படிச் செய்வதால் கடைசிக் கதவு வரை வாளித் தண்ணீர் தெளிவாகவே இருக்கும். கூரையில் தொடங்கிக் கீழே இறங்கி, மணல் அதிகம் தங்கும் கதவின் அடிப்பகுதியையும் பின்பம்பரையும் இறுதியில் துடைக்க வேண்டும். ஒரு பகுதி முடிந்த உடனேயே உலர்ந்த துணியால் ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டால் உப்புப் புள்ளி விழ இடமில்லை. எல்லாம் சேர்த்து நாற்பது நிமிடம் ஆகிறது. நம் வெயிலில் பானட் சுட்டுவிட்டால் கலவை துடைப்பதற்குள் காய்ந்துவிடும், ஆகவே காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுவது நல்லது.

இப்போது அந்தப் பிழையைச் சொல்கிறேன். முதல் ஆண்டு ஆடி மாதம், காற்று ஓயாமல் வீசிய நாட்களில், திசையன்விளைக்கு ஒரு திருமணத்துக்குப் போய், அங்கிருந்து உவரிக் கோயிலுக்கும் போய்த் திரும்பியிருந்தோம். கார் முழுக்கத் தேரி எனப்படும் அப்பகுதிச் செம்மணல் மேடுகளின் மண் படிந்திருந்தது. அதையும் தூசி என்றே எண்ணி, மறுநாள் காலையில் ஒரே ஸ்பாஞ்சால் துடைத்து முடித்துவிட்டேன். நண்பகல் வெயிலில் பார்த்தபோது பானட்டில் வட்டவட்டமாக நூல் போன்ற கீறல்கள் தெரிந்தன. தேரி மணல் பெரும்பாலும் இரும்பு ஆக்சைடு பூசிய குவார்ட்ஸ். கடினத்தன்மைக்கான மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸ் 7 என்ற இடத்தில் நிற்கிறது. காரின் பெயிண்டுக்கு மேல் பூசப்படும் நிறமற்ற பூச்சான கிளியர் கோட்டோ தலைமுடியை விட மெல்லியது, மோஸ் அளவிலும் குவார்ட்ஸுக்கு எவ்வளவோ கீழே. அந்த மணலை எந்தத் திரவமும் முழுதாகச் சூழ்ந்துகொள்ளாது. பாலிஷ் போட்டதில் பெரும்பகுதி மறைந்தது, ஆனால் ஒவ்வொரு பாலிஷும் கிளியர் கோட்டைச் சிறிது தேய்த்துத்தான் கீறலை மறைக்கிறது என்பதை நினைத்து வருந்தினேன்.

ஆகவே தேரிப் பக்கம் போய் வந்தாலும், ஐப்பசி கார்த்திகை மழையில் வயற்சேறு அப்பியிருந்தாலும், நான் நேரே வாட்டர் சர்வீஸ் கடைக்குப் போய், துணி படாமல் தண்ணீரை மட்டும் பீய்ச்சச் சொல்வேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் வாளியை எடுப்பேன். 2023 டிசம்பர் வெள்ளத்தின்போதும், காரில் படிந்த வண்டலுக்கு இரண்டு முறை தண்ணீர் பீய்ச்சிய பிறகே துணி வைத்தேன்.

பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் நான் கழுவுவதைப் பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, தண்ணி ஊத்தாமத் தொடச்சா கோடு விழாதா?” என்று கேட்டார். தினமும் காலையில் உலர்ந்த துணியால் துடைக்கப்படும் அவருடைய காரையும் என் காரையும் கைபேசி விளக்கொளியில் அருகருகே காட்டினேன். உலர்ந்த துணியில் வழுக்கலே கிடையாது, கீறலுக்கு அதைவிட எளிய வழி வேறில்லை. இப்போது அவரும் வாளிக்கு மாறிவிட்டார்.

காக்கை எச்சத்தையும் வேப்பமரத்தடியில் ஒட்டும் பிசுபிசுப்பையும் தேய்க்காதீர்கள். கலவையில் நனைத்த துணியை அதன் மேல் ஐந்து நிமிடம் போட்டுவைத்தால் ஊறி, தானே வழித்துக்கொண்டு வரும். துணிகளைத் துவைக்கும்போது வாசனைக்காக ஊற்றும் மென்மையூட்டித் திரவத்தைச் சேர்க்க வேண்டாம், அது இழைகளின் மேல் படிந்து ஈரம் உறிஞ்சும் தன்மையைக் கெடுத்துவிடும். வாளியில் மிஞ்சும் தண்ணீரைக் கொண்டு நான் சக்கரங்களைக் கழுவுகிறேன். சக்கரத்துக்கான துணி தனி, பிரேக் தூள் ஏறிய அந்தத் துணி ஒருபோதும் பானட்டைத் தொடாதபடி அதற்கு வேறு நிறமே வைத்திருக்கிறேன்.