ஸ்பானரை எடுக்கும் முன் பேசிவிடுங்கள், தம்பி

கேள்வி: அக்கா, ரங்கூன் தாக்கேத்தாவில் சின்னதாக ஒரு சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். காற்றடித்துவிட்டுக் காசு கேட்டால் முறைக்கிறார்கள். வெளியில் டயர் வாங்கி வந்து மாட்டச் சொல்கிறார்கள், அளவு சேரவில்லை என்றால் என்மேல் கோபம். செயின் மாற்றிக் கொடுத்தால் அடுத்த வாரமே வந்து "நீதான் கெடுத்துட்டே" என்கிறார்கள். சைக்காக்காரர்கள் (சைக்கிளோடு பக்கத்தில் இருக்கை சேர்த்து ஆள் ஏற்றுகிறவர்கள்) கடன் சொல்கிறார்கள், கடனுக்காக அவர்கள் வண்டியைப் பிடித்து வைக்கலாமா? ரிப்பேருக்கு விட்ட வண்டியை மாதக்கணக்கில் எடுக்காதவர்களும் உண்டு. கடையை மூடிவிட்டு வேறு கூலி வேலைக்குப் போய்விடலாமா?
– பெயர் வேண்டாம், தாக்கேத்தா

பதில்: அன்புள்ள தம்பி, கடையை மூடாதீர்கள். ரங்கூனில் மோட்டார் சைக்கிளுக்கு 2003-இல் தடை வந்ததிலிருந்து, சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போக எத்தனையோ குடும்பங்கள் சைக்கிளையும் சைக்காவையும்தான் நம்பியிருக்கின்றன. உங்களுக்கு வேலை குறையவில்லை, மரியாதைதான் குறைந்திருக்கிறது. அதுதான் உங்களை வதைக்கிறது என்று கடிதத்தைப் படித்ததும் புரிந்தது.

நீங்கள் எழுதிய சண்டைகளில் பெரும்பாலானவை வேலை முடிந்த பிறகு வந்தவை. பேச வேண்டியதை ஸ்பானரை எடுப்பதற்கு முன்பே பேசிவிட்டால் பாதிச் சண்டை வரவே வராது.

செயினையே எடுத்துக்கொள்வோம். கியர் வைத்த பழைய ஜப்பான் வண்டிக்குப் புதுச் செயின் போடுகிறீர்கள். பின்னால் இருக்கும் பல்சக்கரம் பழைய செயினோடு சேர்ந்து தேய்ந்து போயிருக்கும். புதுச் செயின் அதில் உட்காராது, அழுத்தி மிதித்தால் வழுக்கும். வாடிக்கையாளருக்கு இது எப்படித் தெரியும்? வரும்போது ஓடிய வண்டி, நீங்கள் தொட்ட பிறகு ஓடவில்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அதனால் கடையில் ஒரு இரும்பு ஸ்கேல் வைத்துக்கொள்ளுங்கள். செயினைக் கழற்றாமலே அவர் கண் முன்னால் வைத்து அளந்து காட்டுங்கள். ஒரு பின்னின் நடுவில் தொடங்கி 24 கண்ணி எண்ணினால், புதுச் செயின் சரியாக 12 அங்குலம் இருக்கும். அங்குலத்தில் 16-இல் ஒரு பங்கு நீண்டிருந்தால் செயினை மட்டும் மாற்றினால் அநேகமாகப் போதும். 8-இல் ஒரு பங்கு நீண்டிருந்தால் பல்சக்கரமும் போயிருக்கும். "செயின் மட்டும் போட்டா வழுக்கும், ரெண்டும் போட்டா இவ்வளவு ஆகும், எது வேணும்?" என்று அவரையே கேளுங்கள். முடிவு அவருடையதாக இருந்தால் அடுத்த வாரம் உங்கள்மேல் பாய மாட்டார்.

டயர் விஷயமும் இப்படித்தான். 26 அங்குலம் என்று கேட்டு வாங்கினால் போதும் என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். வீட்டு உபயோக ஜப்பான் சைக்கிளுக்கு வரும் 26-ம் மலைச் சைக்கிளுக்கு வரும் 26-ம் வேறு வேறு என்று உங்களுக்குத் தெரியும். டயர் ஓரத்தில் ஒன்றில் 590 என்றும் மற்றதில் 559 என்றும் அச்சடித்திருக்கும். அது டயர் உட்காரும் ரிம்மின் குறுக்களவு. இந்த 31 மில்லிமீட்டர் வித்தியாசத்தை எந்தக் கைவேலையாலும் சரிக்கட்ட முடியாது. வெளியில் வாங்கப் போகிறவரிடம் அந்த எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். கொண்டு வரும் சாமானை மாட்ட மாட்டேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். சாமான் அவர் பொறுப்பு, மாட்டுக்கூலி இவ்வளவு என்று முன்பே சொல்லிவிட்டு மாட்டுங்கள்.

காற்றுக்குக் காசு வாங்குவதில் எனக்குச் சம்மதமில்லை. பம்பை வெளியே வைத்துவிடுங்கள், அவர்களே அடித்துக்கொள்ளட்டும். ஆனால் கோளாறு என்னவென்று பார்த்துச் சொல்வது வேலை, அதற்குக் கூலி உண்டு. பஞ்சர் என்று கொண்டு வருவார்கள். நீங்கள் விரலில் எச்சில் தொட்டு வால்வு வாயில் வைத்துப் பார்த்தால் குமிழி வரும், உள்ளே இருக்கும் வால்வு டியூப் என்ற சின்ன ரப்பர் குழாய் இற்றுப் போயிருக்கும். மாற்ற ஒரு நிமிஷம். அந்த ஒரு நிமிஷத்துக்குப் பின்னால் உங்கள் அனுபவம் முழுக்க இருக்கிறது, சும்மா கொடுத்து அனுப்பாதீர்கள். சாமான் விலையைத் தனியாகவும் கைக்கூலியைத் தனியாகவும் பர்மிய எழுத்தில் பலகையில் எழுதித் தொங்கவிடுங்கள். 2021-க்குப் பிறகு நம் பர்மியப் பணமான கியாட் மதிப்பு இறங்கி, வெளிநாட்டுச் சாமான் விலை ஏறியது எல்லாருக்கும் தெரியும். ஏறியது சாமான், உங்கள் கூலி இல்லை என்பதைப் பலகையே சொல்லிவிடும்.

சைக்காக்காரர்களை மட்டும் தனியாகப் பாருங்கள், தம்பி. முதுகோடு முதுகாக இரண்டு பேரை ஏற்றி ஒரு பக்கமாகப் பாரம் இழுக்கும் வண்டி அது. சக்கரத்துப் போக்கம்பி அறுவதும் ரிம் கோட்டமாவதும் அவர் தப்பில்லை. கடனுக்காக வண்டியைப் பிடித்து வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாது. வண்டி உங்களிடம் நின்றால் அன்றைக்கு அவர் வீட்டில் உலை ஏறாது, உங்கள் கடனும் அடையாது. நோட்டில் எழுதிக்கொண்டு தினம் கொஞ்சமாக வாங்குங்கள். பழைய பாக்கி தீரும்வரை புதுக் கடன் கிடையாது என்பதில் மட்டும் உறுதியாக இருங்கள்.

அப்புறம் அந்த விட்டுப்போன வண்டிகள். பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா முடிந்து மழையும் பிடித்துவிட்டால் வெளியில் நிற்கும் வண்டி துருப்பிடித்துவிடும், அந்தப் பழியும் உங்கள் தலையில்தான் விழும். இனி வண்டியை வாங்கும்போதே தேதி, போன் நம்பர், பாதிக் கூலி மூன்றையும் வாங்கிக்கொண்டு ஹேண்டில்பாரில் ஒரு அட்டை கட்டுங்கள். பாதிக் கூலி கொடுத்தவர் அநேகமாகத் திரும்பி வருவார். இப்போது கடையை அடைத்துக்கொண்டு நிற்பவற்றுக்கு இந்த வாரமே உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் போன் போடுங்கள்.