துறந்தவர்களா?

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் அலுவலக வேலையாக மாஸ்கோ போனபோது ரஷ்ய எழுத்தாளர் செகாவ் கல்லறையில் பூ வைத்துவிட்டு வந்தேன். பக்கத்திலேயே நொவொதேவிச்சி கன்னியர் மடம். நேரமில்லாததால் உள்ளே போகவில்லை. உலகைத் துறந்த பெண்கள் வாழ்ந்த அமைதியான இடம் என்று வழிகாட்டி சொன்னார். அதன் வரலாற்றை எங்கிருந்து தொடங்குவது? ஜார்களின் கதை முதலில் தெரிய வேண்டுமா?

ஆர்.

*

அன்புள்ள ஆர்.,

செகாவுக்குப் பூ வைத்தீர்கள் என்று படித்ததும் மனம் நிறைந்தது. அடுத்த வரியில் கோபம் வந்துவிட்டது. அவ்வளவு தூரம் போய் மதிலுக்கு இந்தப் பக்கமே நின்று திரும்பலாமா? 1904இல் செகாவைப் புதைத்தது மதிலுக்கு உள்ளே, அவருடைய அப்பாவின் அருகில். 1933இல்தான் நீங்கள் பார்த்த இடத்துக்கு மாற்றினார்கள். அவர் 29 வருடம் உறங்கிய மண்ணை எட்டிக்கூடப் பார்க்கவில்லை நீங்கள்.

ஜார்களின் கதை இருக்கட்டும். ஸ்மொலென்ஸ்க் நகரைப் பிடித்ததற்கு நன்றியாக மாஸ்கோவை ஆண்ட மூன்றாம் வசீலி 1524இல் இந்த மடத்தை நிறுவினார். அடுத்த வருடமே, குழந்தை இல்லை என்ற காரணத்துக்காகத் தன் மனைவி சொலமோனியாவின் முடியைக் கத்தரிக்கச் செய்து வேறொரு மடத்தில் தள்ளினார். அவரைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு மனமில்லை.

‘உலகைத் துறந்த’ என்று எழுதியிருக்கிறீர்களே, சில நாட்களாக நான் மனதில் உருட்டிக்கொண்டிருந்த சொல் அது. வழிகாட்டி சொன்னால் நீங்களும் அப்படியே எழுதிவிடுவதா? துறப்பது என்றால் தன் கையால் விடுவது. பிடுங்கப்பட்டதற்கு அந்தப் பெயரைக் கொடுக்காதீர்கள்.

சோபியாவை எடுத்துக்கொள்ளுங்கள். மகா பீட்டரின் மாற்றாந்தாய் வயிற்று அக்கா. 1682 முதல் ஏழு வருடம் இரண்டு தம்பிகளின் பெயரில் ரஷ்யாவை ஆண்டவர். வெளியே நின்று நீங்கள் படம் எடுத்திருப்பீர்களே, அந்தச் சிவப்பும் வெள்ளையுமான வாயில் தேவாலயங்கள், அவையெல்லாம் அவர் எழுப்பியவை. 1689இல் பீட்டர் அதிகாரத்தைப் பறித்ததும் அக்காவைக் கொண்டுபோய் அடைத்தது இதே மடத்தில். ஒன்பது வருடம் துறவாடை உடுத்தாமலேயே உள்ளே இருந்தார். 1698இல் ஸ்திரெல்த்ஸி என்ற துப்பாக்கிப் படையினர் கலகம் செய்தார்கள். அதை அடக்கிய பிறகு சோபியாவின் முடியைக் கத்தரித்து சுசான்னா என்று பெயரையும் மாற்றினார்கள். அதோடு விடவில்லை. அவருடைய ஜன்னலுக்கு எதிரே மூன்று படையினரைத் தூக்கிலிட்டு, பிணத்தின் கையில் அவரை ஆட்சிக்கு அழைக்கும் மனுத்தாளைச் செருகி, மாதக்கணக்கில் அப்படியே தொங்கவிட்டார்கள். தினமும் விடிந்தால் அதுதான் கண்ணில் படும். 1704இல் அங்கேயே இறந்தார். அமைதியான இடமா அது? சொல்லுங்கள்.

விரும்பி வந்தவர்களே இல்லையா என்று கேட்பீர்கள். நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களையும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 1922இல் போல்ஷெவிக்குகள் மடத்தை மூடினார்கள். அந்தக் கட்டடத்தில் பெண் விடுதலைக்கு ஒரு அருங்காட்சியகம் வைத்தார்கள். கன்னியர் அங்கே திரும்பி வர 1994 ஆயிற்று.

நான் அங்கே போனது ஒரு நவம்பரில். அடுத்த முறை நீங்கள் குளத்துப் பக்கமாகப் போங்கள். சோபியாவின் கோபுரம் என்று மக்கள் சொல்லும் மூலைக் கோபுரம் அங்கேதான். வெள்ளைச் சுவரில் கை எட்டும் உயரம் வரை வேண்டுதல்களாக எழுதிவைத்திருந்தார்கள். எனக்கு ரஷ்ய மொழி தெரியாது. கூட வந்த நண்பர் ஒன்றிரண்டைப் படித்துச் சொன்னார். மகனுக்கு உடம்பு தேற வேண்டும் என்று ஒருத்தி சோபியாவிடம் கேட்டிருந்தாள். எங்களுக்குச் சற்றுத் தள்ளி இன்னொரு பெண், கையுறையைக் கழற்றிவிட்டு, சுவரில் நெற்றியை வைத்து நின்றுகொண்டிருந்தாள். குளத்தங்கரை விளக்குகள் எரியத் தொடங்கி நாங்கள் கிளம்பும்போதும் அவள் அங்கேயேதான் நின்றாள்.

அன்புடன்.