ஒற்றைக் கால் வீக்கம்: சனிக்கிழமைக்குக் காத்திருக்க வேண்டாம்

கேள்வி: பர்மாவில், மோல்மேனில் டீக்கடை வைத்திருக்கிறேன். வயது 46. எட்டு நாளாக இடது கால் மட்டும் வீங்கியிருக்கிறது. எங்கும் விழவில்லை, முள் குத்தவில்லை. கெண்டைக்காலில் இழுத்துப் பிடிப்பது போல ஒரு வலி, நடந்தால் கூடுகிறது. காய்ச்சல் இல்லை. அம்மா யானைக்கால் என்று பயப்படுகிறார். பக்கத்துக் கடைக்காரர் நரம்புப் பிடிப்பு என்கிறார். மருந்துக் கடையில் மூன்று நாளைக்கு மாத்திரைப் பொட்டலம் கொடுத்தார்கள். வலி குறைந்தது, வீக்கம் அப்படியே இருக்கிறது. சனிக்கிழமை எண்ணெய் போட்டு உருவிவிட ஒருவர் வருகிறார். மூன்று வாரம் முன்பு கல்யாணத்துக்கு யாங்கோன் போய் வந்ததில் கடை வேலை சேர்ந்துபோய்விட்டது, டாக்டரிடம் போக நேரமில்லை. கட்டாயம் போகத்தான் வேண்டுமா? போனால் யாரைப் பார்ப்பது, என்ன சொல்வது?

பதில்: தம்பி, முதலில் அந்த எண்ணெய்க்காரருக்கு ஆள் அனுப்பி, வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மற்றதை அப்புறம் பேசுவோம்.

டாக்டரிடம் கட்டாயம் போக வேண்டும். அடுத்த வாரம் போகலாம் என்று தள்ளாதீர்கள், இன்றே போங்கள், கடை ஒரு நாள் மூடிக் கிடந்தால் கிடக்கட்டும். உங்கள் கடிதத்தில் நோயைப் பற்றிய வரிகளை விட, நேரமில்லை என்பதற்குக் காரணமாக எழுதிய வரிதான் என்னை நிறுத்திப் படிக்க வைத்தது. யாங்கோன் போய் வந்திருக்கிறீர்கள். அதாவது போக ஆறேழு மணி நேரம், திரும்பி வர ஆறேழு மணி நேரம், முட்டியை மடக்கிப் பேருந்து இருக்கையில் உட்கார்ந்திருந்தீர்கள். 2005-ல் தன்ல்வின் ஆற்றுப் பாலம் திறப்பதற்கு முன்பு அக்கரையில் மார்த்தபானில் இறங்கி, மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்து, படகேறித்தான் மோல்மேன் சேர வேண்டும். அன்றைக்கு அதைச் சபித்தோம். ஆனால் காலுக்கு அது நல்லதைத்தான் செய்தது. இப்போது ஏறிய இடத்தில் உட்கார்ந்தால் ஊர் வந்துதான் எழுந்திருக்கிறோம். வந்த பிறகும் உங்களுக்கு நடை இல்லை. நாள் முழுக்கக் கல்லாவில் உட்காருகிறீர்கள்.

காலிலிருந்து ரத்தம் மேலே ஏறி இதயத்துக்குத் திரும்ப, கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்து பிழிந்துவிட வேண்டும். உட்கார்ந்தே இருந்தால் பிழிய ஆள் இல்லை. ஓட்டம் மந்தமான இடத்தில், காலுக்குள் ஆழத்தில் ஓடும் பெரிய சிரைக் குழாயில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும். ஆழ்சிரை ரத்த உறைவு என்று இதற்குப் பெயர். நான்கு மணி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தில் உட்கார்ந்து பயணம் செய்தாலே இதற்கு வாய்ப்பு கூடும். பயணம் முடிந்து சில வாரங்கள் வரைக்கும் அந்த வாய்ப்பு தொடரும், அதனால் மூன்று வாரம் ஆகிவிட்டதே என்று தள்ளிவிட முடியாது. இடது கால் என்பதும் கவனிக்க வேண்டிய விஷயம். இடுப்புக்குள் வலது காலுக்குப் போகும் தமனி, இடது காலிலிருந்து வரும் சிரையின் மேல் குறுக்கே படுத்துக் கொஞ்சம் அழுத்துகிறது. அதனால் இந்த உறைவு வலது காலை விட இடது காலில்தான் அதிகம்.

உங்களுக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை. காலைத் தொட்டுப் பார்க்காமல் எந்த டாக்டரும் சொல்ல முடியாது. ஆனால் ஒற்றைக் கால் காரணமில்லாமல் வீங்கினால் முதலில் இல்லை என்று உறுதி செய்ய வேண்டியது இதைத்தான். மற்றக் காரணங்களில் பல ஒரு வாரம் பொறுக்கும், இது பொறுக்காது. உறைகட்டியின் ஒரு துண்டு பிய்த்துக்கொண்டு இதயம் வழியாக நுரையீரலுக்குப் போய் அடைத்தால் உயிருக்கே ஆபத்து. காலை அழுத்தி உருவியதில் கட்டி நகர்ந்து அப்படிப் போன நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. எண்ணெய் தேய்ப்பதன் மேல் எனக்கு விரோதம் கிடையாது. என் முதுகு வலிக்கு நானும் தேய்த்துக்கொள்பவன்தான். காரணம் தெரியாமல் வீங்கிய காலில் மட்டும் கை வைக்கக் கூடாது. சூடான ஒத்தடமும் வேண்டாம்.

திடீரென்று மூச்சு வாங்கினாலோ, மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்தினாலோ, சளியில் ரத்தம் வந்தாலோ, தலை சுற்றி விழுந்தாலோ, இந்தப் பதிலை மேற்கொண்டு படித்துக்கொண்டிருக்காமல் நேராக மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். நள்ளிரவாக இருந்தாலும் சரி.

அம்மாவின் பயத்துக்கு வருகிறேன். அவர் சொல்வதைத் தள்ளிவிட முடியாது, ஏனென்றால் பர்மா யானைக்கால் நோய் உள்ள நாடுதான். பர்மியரும் இதை யானைக்கால் என்றே அவர்கள் மொழியில் சொல்கிறார்கள். இதைப் பரப்பும் க்யூலெக்ஸ் கொசு அழுக்குத் தண்ணீரில் வளர்வது. சாக்கடையும் மலக்குழியும்தான் அதற்கு வீடு. 1960-களில் உலக சுகாதார நிறுவனம் இந்தக் கொசுவையும் நோயையும் ஆராய இரங்கூனில், அதாவது இன்றைய யாங்கோனில், தனிப் பிரிவே வைத்திருந்தது. 2001-லிருந்து டிஇசி, ஆல்பெண்டசோல் என்ற இரண்டு மாத்திரைகளை ஊர் ஊராக வீடு தேடி வந்து கொடுத்தார்கள், உங்களுக்கும் நினைவிருக்கலாம். ஆனால் யானைக்கால் எட்டு நாளில் வருவதில்லை. கொசுக்கடி வழியாகப் புழு உடம்பில் நுழைந்து, நிணநீர்க் குழாயைக் கெடுத்து, கால் பெருக்க ஆண்டுக்கணக்கில் ஆகும். இடையில் விட்டு விட்டுக் காய்ச்சல் வரும், தொடையிடுக்கில் நெறி கட்டும், வீங்கிய கால் முதலில் வடியும், அப்புறம் ஒரு கட்டத்தில் வடியாமல் நின்றுவிடும். உங்களுக்கு அப்படி எதுவும் நடந்ததாக எழுதவில்லை. சந்தேகம் தீர்க்க ரத்தப் பரிசோதனை இருக்கிறது. பழைய முறையில் ரத்தத் துளியை இரவு பத்து மணிக்கு மேல்தான் எடுக்க வேண்டும், குட்டிப் புழுக்கள் ராத்திரியில்தான் ரத்தத்தில் சுற்றும். விரல் நுனி ரத்தத்தில் பகலிலேயே பார்க்கிற அட்டைச் சோதனையும் உண்டு. அவசரமில்லை, அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வேறு என்னவாகவும் இருக்கலாம். மழைக்காலத்தில் நம் ஊரில் அதிகம் பார்ப்பது தோலுக்கு அடியில் பரவும் கிருமித் தொற்று. தெருவில் முழங்கால் தண்ணீர், காலில் ரப்பர் செருப்பு, விரல் இடுக்கில் சேற்றுப்புண். அந்த வெடிப்பு வழியாகக் கிருமி நுழைந்தால் கால் சிவந்து, சுட்டு, வீங்கிக் காய்ச்சலும் வரும். சர்க்கரை உள்ளவர்களுக்கு இது வேகமாக முற்றும், காய்ச்சல்கூட வராமல் ஏமாற்றும். தீமிதி முடிந்த மறுவாரம் இப்படிச் சிலர் வருவார்கள். சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவருக்குக் கொப்புளம் வந்ததே தெரிந்திருக்காது. வேண்டுதலைக் குறை சொல்லவில்லை, இறங்குவதற்கு முன் உணர்ச்சி இருக்கிறதா என்று பாதத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்கிறேன். உங்கள் காலும் சிவந்து சுடுகிறதா என்று பாருங்கள். விரல் இடுக்கையும் விரித்துப் பாருங்கள்.

முழங்காலுக்குப் பின்னால் நீர்க்கட்டி இருந்து அது உடைந்தாலும் கெண்டைக்கால் வீங்கும். உறைவு போலவே தோன்றும், ஸ்கேனில்தான் பிரித்தறிய முடியும். மூட்டையைத் தூக்கும்போது தசை நார் கிழிந்திருந்தாலும் அப்படியே. கிராமத்தில் வயல் வேலை பார்க்கிற சொந்தக்காரர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை: வயலில் நிற்கும்போது ஒரு கால் சில மணி நேரத்திலேயே வீங்கினால் பாம்பின் பல் தடம் தேடுங்கள். தடம் தெரியாவிட்டாலும் மருத்துவமனைக்கு ஓடுங்கள். பர்மா வயல்களில் கண்ணாடி விரியன் அதிகம்.

பெண்களுக்கு இன்னும் இரண்டு விஷயம். பிள்ளை பெற்ற ஆறு வாரத்துக்குள் ஒரு கால் வீங்கினால், பத்தியம் தவறிவிட்டது, வாயு ஏறிவிட்டது என்று வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. அது உறைவுக்கு மிக ஏற்ற காலம். தாயைப் படுக்கையிலேயே போட்டுவைப்பதும் நல்லதல்ல, வீட்டுக்குள்ளாவது நடக்கட்டும். நாற்பதைத் தாண்டிய பெண்ணுக்கு வலியே இல்லாமல் ஒரு கால் மெல்ல மெல்லப் பருத்தால் அடிவயிற்றையும் ஸ்கேன் எடுக்கச் சொல்வேன். கருப்பைவாய்ப் புற்றுநோய் இந்த நாட்டில் பெண்களிடம் அதிகம். உள்ளே வளரும் கட்டி சிரையையோ நிணநீர்க் குழாயையோ அழுத்தினால் முதலில் காட்டிக்கொடுப்பது சில சமயம் கால்தான். மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம் படுகிறதா என்று கேட்டால் வெட்கப்படாமல் சொல்ல வேண்டும்.

இரண்டு காலும் சேர்ந்து வீங்குவது வேறு கதை. இதயம், சிறுநீரகம், கல்லீரல், சில ரத்த அழுத்த மாத்திரைகள் என்று அதன் காரணங்கள் வேறு.

சரி, போவதற்கு முன் வீட்டிலேயே ஒரு வேலை செய்யுங்கள். தையல்காரர் நாடா ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். முழங்கால் சில்லுக்குக் கீழே எலும்பில் ஒரு மேடு தட்டுப்படும். அதிலிருந்து நாலு இஞ்சு, அதாவது 10 செ.மீ. கீழே இரண்டு காலிலும் பேனாவால் கோடு போட்டு, அந்த இடத்தில் சுற்றளவு எடுங்கள். இடது கால் 3 செ.மீ.க்கு மேல், ஏறக்குறைய ஒன்றேகால் இஞ்சு, பெருத்திருந்தால் டாக்டர் அதை ஒரு முக்கியமான அடையாளமாக எடுத்துக்கொள்வார். குறைவாக இருந்தாலும் போவதை விட்டுவிடாதீர்கள். பாதத்தை மேலே மடக்கினால் கெண்டைக்கால் வலிக்கிறதா என்று பார்க்கும் ஒரு பழைய சோதனையை யாராவது சொல்லிக் கொடுப்பார்கள். அதை நம்பி எந்த முடிவும் எடுக்க முடியாது.

யாரைப் பார்ப்பது என்று கேட்டீர்கள். நரம்பு டாக்டர், எலும்பு டாக்டர் என்று தேட வேண்டாம். பொது மருத்துவர் போதும். மாலைக் கிளினிக்கில் உங்களுக்குப் பழக்கமானவர் இருந்தால் அவரே போதும், ஆனால் அன்றைக்கே ஸ்கேனுக்கு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். மோல்மேனில் பொது மருத்துவமனை இருக்கிறது, யாங்கோனுக்கு மறுபடி பேருந்து ஏறத் தேவையில்லை. உண்மையில் இந்தக் காலோடு ஏறவே கூடாது. ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனில் தொடையிலிருந்து கெண்டைக்கால் வரை கருவியால் சிரையை அமுக்கிப் பார்ப்பார்கள். நல்ல சிரை அமுக்கினால் தட்டையாகிவிடும், உறைகட்டி இருக்கும் சிரை தட்டையாகாது. வலியில்லாத சோதனை. சிலருக்கு முதலில் டி-டைமர் என்ற ரத்தப் பரிசோதனை எழுதுவார்கள். அது இயல்பாக இருந்து, மற்ற அடையாளங்களும் குறைவாக இருந்தால் உறைவு இல்லை என்று விடலாம். கூடுதலாக இருந்தால் உறைவு என்று அர்த்தமில்லை, காய்ச்சல், புண் எதற்கும் அது கூடும். ஸ்கேனில் ஒன்றும் தெரியாமல் வீக்கம் மட்டும் நீடித்தால் ஒரு வாரத்தில் மறுபடி எடுக்க வேண்டும். கெண்டைக்காலில் இருந்த சின்னக் கட்டி அதற்குள் மேலே வளர்ந்திருக்கலாம்.

டாக்டரிடம் ‘கால் வலி’ என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டால் வலி மாத்திரையோடு திரும்பி வருவீர்கள். இடது கால் மட்டும், எட்டு நாளாக, அடிபடாமல், மூன்று வாரம் முன்பு நீண்ட பேருந்துப் பயணம் என்று இந்த வரிசையில் சொல்லுங்கள். வீட்டில் அப்பா, அண்ணன், தங்கை யாருக்காவது இப்படி உறைவு வந்திருக்கிறதா, சமீபத்தில் ஆபரேஷன் நடந்ததா, காரணமில்லாமல் எடை குறைகிறதா, புகை பிடிக்கிறீர்களா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அந்த மாத்திரைப் பொட்டலத்தில் மீதி இருந்தால் சாப்பிடாமல் அப்படியே எடுத்துப் போங்கள். பெயரில்லாமல் கலந்து கொடுக்கும் அந்தப் பொட்டலங்களில் வலி மாத்திரையோடு சில சமயம் ஸ்டீராய்டும் இருக்கும். வலி குறைந்ததால் நோய் குறைந்ததாக நினைக்க வைப்பது அதுதான். நீர் பிரிய வைக்கும் மாத்திரையும் ஒற்றைக் கால் வீக்கத்துக்கு உதவாது.

உறைவுதான் என்று தெரிந்தால் ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து தொடங்குவார்கள். முதலில் வயிற்றுத் தோலில் ஊசி, பிறகு மாத்திரை, அல்லது நேராக மாத்திரையே. குறைந்தது மூன்று மாதம். இந்த மருந்து கட்டியைக் கரைப்பதில்லை, மேலும் வளராமல் பிடித்து நிறுத்துகிறது. கரைக்கிற வேலையை உடம்பே மெதுவாகச் செய்யும். அதனால் பத்து நாளில் கால் வடிந்ததும் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. பழைய மருந்தான வார்ஃபரின் கொடுத்தால், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் என்ற பரிசோதனை அடிக்கடி எடுத்து, அளவை 2-க்கும் 3-க்கும் இடையில் வைக்க வேண்டும். கீரை அந்த அளவை மாற்றும். புளிச்சக்கீரைக் குழம்பை விடச் சொல்லவில்லை, ஒரு வாரம் தினமும், மறு வாரம் ஒன்றுமில்லை என்று சாப்பிடாமல் ஒரே அளவாகச் சாப்பிடுங்கள். ரிவராக்சபான் போன்ற புதிய மாத்திரைகளுக்கு இந்தப் பரிசோதனை வேண்டாம், விலைதான் கூடுதல். எதைக் கொடுத்தாலும் கடைப் பொட்டலமும் நாட்டு மருந்தும் அதோடு சேரக் கூடாது, வயிற்றில் ரத்தம் கசியும். மலம் தார் போலக் கறுத்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

முடிவு தெரியும் வரை உட்காரும்போது காலைப் பக்கத்து நாற்காலியில் தூக்கி வையுங்கள். தண்ணீர் நன்றாகக் குடியுங்கள். வீட்டுக்குள் நடக்கலாம், முழு ஓய்வு தேவையில்லை. இறுக்கமான காலுறையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், சர்க்கரை இருந்து தமனியும் அடைத்திருந்தால் அது காலைக் கெடுக்கும். அம்மாவிடம் யானைக்கால் இல்லை என்று இப்போதே சத்தியம் பண்ண வேண்டாம், ஸ்கேன் முடிந்ததும் காகிதத்தைக் கொண்டுபோய் அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.