சுரங்க ஊரை வெட்டச் சொல்லாதீர்கள்

அன்புள்ள ஐயா,

ஜப்பானிய இயக்குநர் மியாசாகியின் ‘காஸில் இன் தி ஸ்கை’ அனிமேஷன் படம் பார்த்தேன். வானில் மிதக்கும் லபுடா தீவு பிரமாதம். ஆனால் தொடக்கத்தில் வரும் சுரங்க ஊர்க் காட்சிகளை வெட்டியிருந்தால் இன்னும் விறுவிறுப்பாக இருந்திருக்கும். வில்லன் முஸ்கா வெறும் அட்டைப்பொம்மை. எட்டு வயது மகனுக்குக் காட்டலாமா?

கே.

அன்புள்ள கே.,

தாராளமாகக் காட்டலாம். முஸ்கா அப்படித்தான், அதை விடுங்கள். ஆனால் சுரங்க ஊரை வெட்டச் சொல்கிறீர்களே, படத்தைப் பார்த்தீர்களா, இல்லை தீவு எப்போது வரும் என்று காத்துக்கொண்டிருந்தீர்களா? கொஞ்ச நாளாக நான் நினைத்துக்கொண்டிருப்பதே அந்த ஊரைத்தான்.

பிரிட்டனில் சுரங்கங்கள் மூடப்படுவதை எதிர்த்து ஓராண்டு நடந்த வேலைநிறுத்தம் 1985 மார்ச்சில் தோற்று முடிந்தது. அதன் பின் மியாசாகி, அங்கே சுரங்க ஊர்கள் நிறைந்த வேல்ஸுக்குப் போனார். வேலைக்காகவும் ஊருக்காகவும் கடைசிவரை போராடிய அந்த மக்கள்மேல் அவருக்குப் பெரிய மரியாதை. 1986இல் வந்த இந்தப் படத்தில் அந்த மரியாதை அப்படியே இருக்கிறது. வானத்திலிருந்து மிதந்து இறங்கும் சிறுமி ஷீட்டாவை, சுரங்கத்தில் வேலை பார்க்கும் சிறுவன் பாஸு கைகளில் ஏந்துகிறான். வேறு படமாக இருந்தால் அங்கேயே பாட்டு வந்திருக்கும். இங்கே அவளைக் கீழே கிடத்திவிட்டு ஓடுகிறான். சுரங்கத்திலிருந்து ஆட்கள் மேலே வருகிறார்கள், லிப்டின் பிரேக்கைப் பிடிக்க வேண்டும்! அவன் யார் என்பது அந்த ஓட்டத்திலேயே தெரிந்துவிடுகிறது. அப்புறம் கொள்ளையர்கள் தேடி வரும்போது, யார் எவரென்று தெரியாத பெண்ணுக்காகத் தெருவே கைகலப்பில் இறங்குகிறது. இதையா வெட்டுவது?

என் அப்பா வேலை பார்த்த பஞ்சாலையை மூடிய பிறகும், முதல் ஷிப்ட் நேரத்துக்கு எழுந்து சட்டை மாட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பார். கூட வேலை பார்த்தவர்கள் ஒவ்வொருவராகத் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். பேசக்கூட ஆளில்லை. மில் போனபோது ஊரும் போய்விட்டது என்பது அப்போது எங்களுக்குப் புரியவில்லை.

படத்தில் எனக்கு உறுத்துவது வேறு. லபுடாவின் ஆயுதத்தை ராமாயணத்து இந்திரனின் அம்பு என்று சொல்லிக் கடலில் வெடித்துக் காட்டுகிறான் முஸ்கா. பிறகு தன்னோடு வந்த சிப்பாய்களின் காலடித் தளத்தைத் திறந்துவிடுகிறான். கொத்துக்கொத்தாக விழுகிறார்கள். அடுத்து அவர்களின் வான்கப்பல் சிதறி ஆட்கள் உதிரும்போது, மனிதர்கள் குப்பை மாதிரி என்று அவன் சிரிக்கிறான். அவன் சிரிக்கட்டும், கேமராவும் ஏன் அவன் உயரத்திலிருந்தே பார்க்க வேண்டும்? சுரங்கத் தொழிலாளிகளுக்கு ஆளுக்கொரு முகம் வரைந்தவர், சீருடை போட்டவர்களைப் புள்ளிகளாக்கிவிட்டார். ஷீட்டா அவன்மேல் பாய்கிறாள், உண்மைதான். ஆனால் விழுந்தவர்களைப் பற்றி அதற்குப் பிறகு படத்தில் ஒரு வார்த்தை கிடையாது. அவ்வளவு பேரும் என்ன ஆனார்கள் என்று உங்கள் மகன் கேட்பான். செத்துப்போனார்கள் என்றே சொல்லுங்கள்.